கொழுப்பின் கதையும் நம்மவர் நெஞ்சின் கதையும்



வரலாறு என்றால் அரசர்களின் கதை, போர்களின் கதை, ஒப்பந்தங்களின் கதை என்றே நாம் பழகிவிட்டோம். நம் பாலிங்குக்கும் அப்படிப்பட்ட வரலாறு உண்டு. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாட்களில் துங்கு அப்துல் ரஹ்மானும், சிங்கப்பூரின் டேவிட் மார்ஷலும், டான் செங் லோக்கும், காட்டிலிருந்து வெளியே வந்த சின் பெங்குடன் பேச்சு நடத்தியது இவ்வூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான். 1974-இல் ரப்பர் விலை சரிந்து, பசி பொறுக்காத மக்கள் வீதிக்கு வந்ததும் இதே பாலிங்கில்தான். இவற்றை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். படிக்கட்டும்.

ஆனால், நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்க நமக்கு நேரமில்லை. தோட்டத்துச் சாவு வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு என்ன? "நேத்து ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. காத்துப் பிடிச்சிருக்கும்னு கோடாலித் தைலம் தேய்ச்சு விட்டோம். விடியறதுக்குள்ள போயிட்டாரு." வயது என்ன என்று கேட்டால் 48 என்பார்கள், 52 என்பார்கள். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஏன் இப்படி? இதை விதி என்று சொல்லிக் கைகழுவிவிடலாமா? முடியாது. இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பல நாட்டு அறிஞர்கள் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் நடுவே மலாயா, சிங்கப்பூர் இந்தியர்களாகிய நம்மவர் கதையும் வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கல்லில் பிறந்த பெயர்

"சார், எனக்குக் கொலஸ்ட்ரோல் இருக்காம்" என்று கவலையோடு சொல்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். உண்மையில் கொலஸ்ட்ரோல் இல்லாத மனிதர் உலகத்தில் யாருமே இல்லை! அது இல்லாவிட்டால் நாம் உயிர் வாழவே முடியாது. உடம்பின் கோடானுகோடி உயிரணுக்களின் சுவரைக் கட்டுவதற்கு அது வேண்டும். உணவிலுள்ள எண்ணெயைச் செரிக்க வைக்கும் பித்த நீர் அதிலிருந்துதான் உண்டாகிறது. வெயில் பட்டதும் நம் தோலில் 'டி' வைட்டமின் பிறப்பதற்கும் அதன் உறவுப் பொருளே மூலம். ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் வளர்க்கும் சுரப்பு நீர்களும் அதிலிருந்தே உருவாகின்றன. ஆகவேதான் இயற்கை, சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்காமல், நம் கல்லீரலையே கொலஸ்ட்ரோல் தயாரிக்கும் தொழிற்சாலையாக அமைத்திருக்கிறது. நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி உடம்பே தயாரித்ததுதான். தட்டிலிருந்து வருவது சிறு பகுதியே.

இப்பொருளை முதன்முதலில் கண்டவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் புல்த்தியே தெ லா சால். 1769-ஆம் ஆண்டளவில் அவர் பித்தப்பையில் உண்டாகும் கற்களை ஆராய்ந்தபோது மெழுகு போன்ற ஒரு வெண்பொருளைக் கண்டார். 1815-இல் செவ்ரல் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர் அதை மீண்டும் ஆராய்ந்து பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. பித்தத்தில் கெட்டிப்பட்டது என்பதே கொலஸ்ட்ரோல் என்ற பெயரின் பொருள். அப்போது அதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டென்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

முயல் சொன்ன சாட்சி

நெஞ்சு வலி என்னவோ மனிதனுக்குப் பழைய சங்கதிதான். இங்கிலாந்தில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1768-ஆம் ஆண்டே, நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிற வலியைப் பற்றித் தெளிவாக விவரித்திருக்கிறார். ஆனால் அந்த வலி எதனால் வருகிறது என்பது விளங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்கோ இறந்தவர்களின் இரத்தக் குழாய்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் சுவரில் கொழுப்பு படிந்து தடித்திருப்பதை எடுத்துக் காட்டினார். 1910-இல் அதே நாட்டு வேதியியல் அறிஞர் வின்டாஸ் அந்தத் தடிப்புகளைச் சோதித்தபோது, நல்ல குழாயில் இருப்பதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு கொலஸ்ட்ரோல் அவற்றில் இருந்தது. கொலஸ்ட்ரோல் போன்ற பொருள்களை ஆராய்ந்ததற்காக அவருக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தது ரஷ்யாவின் பங்கு. 1913-இல் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ரோலை முயல்களுக்குக் கொடுத்து வந்தார். சில மாதங்களில் முயல்களின் இரத்தக் குழாய்கள் மனிதர்களுக்கு ஆவது போலவே தடித்துப் போயின. எண்ணெய் மட்டும் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் உலகம் உடனே நம்பிவிடவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்கு ஆவது மனிதனுக்கும் ஆகுமா என்று எதிர்க்கேள்வி எழுந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. அனிச்கோவின் கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உண்மைக்கும் சில வேளைகளில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது!

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒன்றை விளக்கிவிட வேண்டும். இரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பது கால்வாயில் குப்பை அடைப்பது போன்றது என்று பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. கொழுப்பு, குழாயின் உட்தோலுக்கு அடியில் புகுந்து, கொப்புளம் போல மெல்ல மெல்ல வளர்கிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வலி இல்லை, அறிகுறி இல்லை. ஒருநாள் அந்தக் கொப்புளம் வெடிக்கிறது. உடனே அதன்மீது இரத்தம் உறைகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தண்ணீராக ஓடும் ரப்பர் பாலில் அசிட் பட்டதும் அது உறைந்து கட்டியாகிவிடுகிறதல்லவா? அப்படித்தான். இதயத்துக்குப் போகும் குழாயில் அது நடந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் வாதம். நேற்று ராத்திரி வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் விடிவதற்குள் போய்விடும் மர்மம் இதுவே.

அந்நாளைய தோட்டங்களில்

அனிச்கோவ் முயல் வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் நம் முன்னோர் மலாயாவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய எமன் மாரடைப்பு அன்று, மலேரியாக் காய்ச்சல். குளிர்க் காய்ச்சலும் வயிற்றுப் போக்கும் கொக்கிப் புழுவும் லயங்களைச் சூறையாடிய காலம் அது. ஐம்பது வயதில் வரக்கூடிய நோயைப் பற்றிப் பேச, முதலில் ஐம்பது வயது வரை உயிரோடு இருக்க வேண்டுமே!

அந்தக் காலத்திலேயே நம்மவர் சாப்பாடு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் பிடித்தது என்பது சுவையான செய்தி. அப்போது மலாயாவில் பெரிபெரி என்ற கால் வீக்க நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அது தாக்கியது; பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக் காட்டினார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி! நெல்லை அவித்துக் காய வைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் அடுத்து நடத்திய சோதனைகள், தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்பதை நிலைநாட்டின. அக்காலத்தில் வைட்டமின் என்ற சொல்கூடப் பிறக்கவில்லை.

ஆக, ஒரு காலத்தில் நம்முடைய சாப்பாடே நம்மைக் காத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு சிற்றூரும், ஓர் அதிபரும், சில பஸ்களும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் மாரடைப்பு பெரும் கொள்ளை நோயாகத் தலைதூக்கியது. 1948-இல் ஃபிராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைத் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார்கள். 1961-இல் வெளியான முடிவு, இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருப்பவர்களுக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று காட்டியது. சிகரெட்டின் குற்றமும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. அந்த ஊரின் பேரப் பிள்ளைகள் வரை இன்றும் ஆய்வு தொடர்கிறது.

1953-இல் வந்த வேறொரு செய்தி எல்லாரையும் திடுக்கிட வைத்தது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாய்களில் அப்போதே கொழுப்புப் படிவு தொடங்கியிருந்தது! இது கிழவர்களின் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழவயதில் வெளிப்படும் நோய், வாலிபத்திலேயே விதை போட்டுவிடுகிறது.

அதே 1953-இல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் ஓர் எளிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். லண்டன் பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரே சம்பள வர்க்கம், ஒரே ஊர். ஆனாலும் மாரடைப்பு கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே மிக அதிகமாக வந்தது. நம் தோட்டக் கணக்கில் சொன்னால், நாற்காலியில் உட்கார்ந்த கிராணிக்கும் விடியற்காலையில் நிரை பிடித்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம் போன்றது.

1955 செப்டம்பரில், நம் பாலிங் பேச்சு வார்த்தைக்கு மூன்று மாதம் முன்பு, அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் இதயத்தைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் எழுதத் தொடங்கின. ஆனால் பாலிங்கில் துப்பாக்கிச் சத்தம் எப்போது ஓயும் என்று காத்திருந்த மக்களுக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தாலும், அது ஏதோ பணக்கார வெள்ளைக்காரனின் வியாதி என்றே தோன்றியிருக்கும்.

அது அவ்வாறு அன்று என்பதை எடுத்துச் சொன்னது வெள்ளைக்கார நாடு அன்று. நம் பக்கத்து வீடாகிய சிங்கப்பூர்.

சிங்கப்பூரில் எழுந்த கேள்வி

பேராசிரியர் டி. ஜே. தனராஜ் என்ற பெயரை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். 1963-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி வைத்த முதல் டீன் அவரே. அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கு முன் சிங்கப்பூரில் பணியாற்றியபோது, அவரும் அவருடைய சகாக்களும் 1950 முதல் 1954 வரை அங்கு நடந்த 9,500-க்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தார்கள். ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே மழை. அங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் வாழ்ந்தார்கள். ஆனால் இதயக் குழாய் நோயால் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, இந்தியரின் விகிதம் சீனரைவிடப் பல மடங்கு உயர்ந்து நின்றது. 1959-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதை வெளியிட்டார்கள்.

உலகில் எங்கெல்லாம் இந்திய வம்சாவளியினர் குடியேறினார்களோ, அங்கெல்லாம் மாரடைப்பு அவர்களைக் கூடுதலாகத் தாக்குகிறது என்பது இன்று மருத்துவ உலகம் அறிந்த உண்மை. அந்த உண்மையை முதன்முதலில் எழுதி வைத்த ஆய்வுகளுள் ஒன்று நம் மலாயா மண்ணின் வாசலிலேயே பிறந்தது. வேதனையான பெருமைதான், இருந்தாலும் அறிந்துகொள்ள வேண்டியது.

ஏன் இந்தியருக்கு மட்டும்? விடை காண மேலும் முப்பதாண்டு பிடித்தது. 1990-இல் சிங்கப்பூரில் வெளியான ஆய்வு ஒரு புதிரை முன்வைத்தது. மூன்று இனத்தாருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரோல் பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் இந்தியருக்கு 'நல்ல கொழுப்பு' குறைவாகவும் இனிப்பு நீர் நோய் அதிகமாகவும் இருந்தது. அதே காலத்தில் லண்டனில் மெக்கீக், மார்மட் ஆகியோர், தெற்காசிய மக்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்வதையும், அதனால் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவதையும் எடுத்துக் காட்டினர். "நம்ம ஆளு ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம் இருக்கு" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வோமே, அந்தத் தொப்பைதான் வில்லன்!

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்று அதன் தொடர்ச்சி சொன்னது. ஆறு ஆண்டு வித்தியாசம்! ஆறு ஆண்டு என்பது ஒரு பிள்ளையை ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை படிக்க வைக்கும் காலம். ஆனால் அதே ஆய்வு நம்பிக்கையும் தந்தது. கொழுப்பு, சிகரெட், இரத்த அழுத்தம், இனிப்பு நீர், தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாரடைப்பு ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு விளங்கிவிடுகிறது. அதாவது, பெரும்பங்கு விதியின் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது.

நல்லதும் கெட்டதும்

நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அது என்ன? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இரத்தம் தண்ணீர், கொலஸ்ட்ரோல் கொழுப்பு. ஆகவே கல்லீரல் அதைப் புரதப் பொட்டலங்களில் கட்டி அனுப்புகிறது. கல்லீரலிலிருந்து உடம்புக்குச் சுமந்து செல்லும் பொட்டலம் எல்.டி.எல். அது மிதமிஞ்சினால் குழாய்ச் சுவருக்குள் புகுந்துவிடும். ஆகவே கெட்டது என்கிறோம். மிச்சத்தைத் திரும்பப் பொறுக்கிக் கல்லீரலுக்குக் கொண்டுவருவது எச்.டி.எல்.; அதனால் நல்லது என்கிறோம்.

அமெரிக்காவின் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு நண்பர்கள், சில குடும்பங்களில் மட்டும் சிறு பிள்ளைகளுக்கே மாரடைப்பு வருவது ஏன் என்று 1970-களில் ஆராய்ந்தார்கள். எல்.டி.எல். பொட்டலத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி அவர்களுடைய உயிரணுக்களில் பிறவியிலேயே பழுதாகியிருந்தது. கொக்கி இல்லாவிட்டால் பொட்டலம் இரத்தத்திலேயே சுற்றும். இக்கண்டுபிடிப்புக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பரம்பரைக் குறை ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அதன் இலேசான வடிவில் உண்டு. அவர்கள் ஒல்லியாக இருக்கலாம், சைவமாக இருக்கலாம். கொலஸ்ட்ரோல் மட்டும் ஏறியே இருக்கும். ஆகவே, பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஓர் ஆண் 55 வயதுக்கு முன்போ, ஒரு பெண் 65 வயதுக்கு முன்போ மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் பரிசோதனை செய்துகொள்வது கடமை.

மருந்து வந்த கதை ஜப்பானில் தொடங்குகிறது. அகிரா எண்டோ என்ற விவசாயி மகன், பூஞ்சணத்திலிருந்து பென்சிலின் வந்தது போல் கொழுப்புக்கும் ஒரு மருந்து வராதா என்று கேட்டார். கல்லீரலின் கொலஸ்ட்ரோல் தொழிற்சாலையை அடைக்கக்கூடிய பொருளைத் தேடி ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973-இல், கியோத்தோ நகர் அரிசிக் கடை ஒன்றிலிருந்து கிடைத்த நீலப் பச்சைப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. அதுவே ஸ்டாட்டின் மருந்துகளின் தாய். 1987-இல் அவ்வகையின் முதல் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994-இல், வடஐரோப்பாவின் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்த சோதனை, ஸ்டாட்டின் உட்கொண்டவர்களிடையே மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அனிச்கோவின் முயலுக்கு அன்றுதான் முழு நியாயம் கிடைத்தது எனலாம். எண்டோ 2024-இல் தமது 90-ஆம் வயதில் மறைந்தார்.

"அந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று சொல்லிக் கிளினிக்கில் கொடுத்த மருந்தைக் குப்பையில் போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எந்த மருந்துக்கும் பக்க விளைவு இருக்கலாம். சிலருக்குத் தசை வலி வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

நம் தட்டில் நடந்த மாற்றம்

புழுங்கல் அரிசி நம்மைக் காத்த கதையை மேலே சொன்னேன். பிறகு என்ன ஆயிற்று? தாத்தா காலத்தில் பழைய சோறும் கருவாடும் கீரையும். ஆட்டுக்கறி தீபாவளிக்கும் திருவிழாவுக்கும். விடியுமுன் பிரட்டுக்களம், பிறகு மதியம் வரை நடை, காண்டா சுமை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர் தாமான்களுக்கும், சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். நடை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. காலையில் ரொட்டி சானாய், டின் பால் ஊற்றிய தே தாரேக். பகலில் நாசி கண்டார். இரவில் வறுத்த மீ. தாத்தாவின் பசியையும் உழைப்பையும் தாங்கப் பழகிய உடம்புக்கு, பேரன் தீனியை மட்டும் கொடுத்து, உழைப்பை எடுத்துவிட்டான்.

இங்கே சில தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்வோம். எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் கிடையாது! கவனிக்க வேண்டியது நிறைகொழுப்பு. அதுதான் கல்லீரலில் எல்.டி.எல். கொக்கிகளைக் குறைத்து இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கும், செம்பனை எண்ணெயில் பாதியளவும், நெய்யில் பாதிக்கு மேலும் நிறைகொழுப்பே. தேங்காய்ப் பாலும் அதே இனம். ஆகவே அறவே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தேங்காய்ப் பால் குழம்பு வாரம் ஏழு நாளும் வேண்டாம் என்பதே செய்தி. முட்டையோ? ஒரு முட்டையில் 200 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரோல் உண்டு. ஆயினும் பெரும்பாலோருக்கு அது இரத்தத்தில் சிறிதே ஏற்றுகிறது. நாளுக்கொரு முட்டை தின்னும் ஆரோக்கியமான பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. முட்டையை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் மூன்று ரொட்டி சானாயைப் போட்டால் பயன் என்ன?

பருப்பு, பயறு, கீரை, வெண்டை, முருங்கை, மத்தி மீன், கெம்போங் மீன் ஆகியவை நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. இவற்றுக்கு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

சீட்டை எப்படிப் படிப்பது?

கிளினிக்கில் கொடுக்கும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பலர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதோடு சரி. நம் நாட்டுச் சீட்டில் 'மில்லிமோல்' கணக்கில் எண்கள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.2-க்குக் கீழே இருப்பது நன்று. இந்தியாவில் 200 என்று சொல்லும் அளவும் இதுவேதான். எச்.டி.எல். ஆண்களுக்கு 1.0-க்கு மேலும், பெண்களுக்கு 1.2-க்கு மேலும் இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு 1.7-க்குக் கீழே. எல்.டி.எல். மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஆபத்து குறைந்தவருக்கு 3.0-க்குக் கீழே போதும். இனிப்பு நீரோ இதய நோயோ உள்ளவருக்கு அதைவிட மிகவும் தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே "அவருக்கும் எனக்கும் ஒரே நம்பர்தானே, எனக்கு மட்டும் ஏன் மருந்து?" என்று டாக்டரிடம் சண்டை பிடிக்காதீர்கள். இடுப்பளவும் ஒரு பரிசோதனையே. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தையற்கடை நாடா ஒன்று போதும்.

2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதல். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை அறியாதவர்கள்! 2023-இல் அது நூற்றுக்கு 33 என்று சற்றே இறங்கியிருக்கிறது. இன்னும் மூவரில் ஒருவர். 1992-இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தோன்றியது. குழாயைப் பலூன் கொண்டு விரிக்கவும் மாற்றுக் குழாய் வைக்கவும் அங்கே வல்லுநர்கள் உண்டு. ஆனால் பாலிங்கிலிருந்து கோலாலம்பூர் எவ்வளவு தூரம் என்பதை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். வருமுன் காப்பதற்கோ, அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் போதும். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித் தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்கள் இலவசமாகவே பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம். இரத்த உறைவைக் கரைக்கும் மருந்துக்கு ஒவ்வொரு நிமிடமும் மதிப்புண்டு. "விடியட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சு எத்தனையோ வீடுகளை இருளாக்கியிருக்கிறது.

முடிவாக

வாசக நண்பர்களே! திருவள்ளுவர் மருந்துக்கென்று ஒதுக்கிய அதிகாரத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டின் அளவைப் பற்றிப் பேசவே செலவிட்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஆய்வுக்கூடங்கள் சொல்வதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

நம் முன்னோர் மலேரியாவை வென்றார்கள், பஞ்சத்தைத் தாங்கினார்கள், சயாம் ரயில் பாதைக்குப் போய் மீண்டவர்களும் உண்டு. அந்தப் பரம்பரை ஒரு தட்டுச் சோற்றிடமும் ஒரு பாக்கெட் சிகரெட்டிடமும் தோற்கலாமா? நாளொன்றுக்கு அரை மணி நேரம் நடங்கள். சிகரெட்டை விடுங்கள். மதுவைத் தள்ளுங்கள். 40 வயதைத் தொட்டவர்கள் இவ்வாண்டே ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். இன்று மாலை அப்பாவிடமும் அம்மாவிடமும் "உங்க கொலஸ்ட்ரோல் எவ்வளவு?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் விடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும் வரை நச்சரியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர்களை நச்சரிக்க ஆசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். பரிசு வாங்க மேடை ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கீழே உட்கார்ந்து கைதட்ட அப்பாவும் அம்மாவும் இருக்க வேண்டும். அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

வாழ்க நலமுடன்.